திட்டினால் நீதிபதி மாறிவிடுவாரா?

"வழக்கை விசாரிக்கும் நீதிபதியைத் தலைவர் மேடையில் தாக்கிப் பேசிவிட்டால், அந்த நீதிபதி வழக்கிலிருந்து விலகியே ஆகவேண்டும். மம்தா வழக்கில் அதுதான் நடந்தது" என்று ஒரு குரல் பதிவு கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மஞ்சக்குப்பம் டீக்கடையில் ஒரு பெரியவர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டுவிட்டு, "அப்படியா தம்பி?" என்றார்.

இல்லை ஐயா, தவறு. அப்படி ஒரு சட்டமே கிடையாது. விலகுவதா வேண்டாமா என்பதை அந்த நீதிபதிதான் முடிவு செய்வார். 2021இல், அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி நந்திகிராம் தொகுதியில் தோற்றதை எதிர்த்துப் போட்ட தேர்தல் வழக்கிலிருந்து கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி கௌசிக் சந்தா விலகியது உண்மை. ஆனால் விலகச் சொல்லிக் கேட்ட விதத்துக்காக மம்தாவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்துவிட்டுத்தான் விலகினார். பதிவில் இந்தப் பாதியைக் காணோம்.

நீதிபதி மீது நம்பிக்கை இல்லையென்றால், காரணத்தை எழுதி வழக்கை மாற்றக் கோரி மனு போடலாம். கடலூரானாலும் புதுச்சேரியானாலும் சென்னை உயர் நீதிமன்றம் வரை போகலாம்.

அப்புறம், தீர்ப்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சிலர் நினைப்பதும் சரியல்ல. முடிந்த வழக்கை நியாயமாக விமர்சிக்க 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவே இடம் தருகிறது. நீதிமன்றத்தை இழிவுபடுத்திப் பேசினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

பெரியவர் அந்தப் பதிவை ஏற்கெனவே பேரனுக்கு அனுப்பியிருந்தார். டீ ஆறட்டும் என்று வைத்துவிட்டு, முதலில் அவனுக்குப் போன் போட்டார்.