டெல்லி குளிர்ல மாவு எங்க பொங்குது
ஞாயித்துக்கிழமை இட்லி மாவு அரைச்சு வச்சுட்டா வாரம் பூரா ராத்திரி சாப்பாட்டுக்கு கவலையே இல்லன்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, சென்னைக்கு சரி, டெல்லி ஜனவரில ட்ரை பண்ணி பாருங்க, ராத்திரி 5, 6 டிகிரிக்கு போயிடும், 24 மணி நேரம் ஆனாலும் மாவு அசையாது, கம்பளி சுத்தி மைக்ரோவேவ் உள்ள மூடி வச்சு எல்லாம் பாத்தாச்சு. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஈனோ போட சொல்றார், மாவு பொங்கும்தான், ஆனா அந்த புளிப்பு வராதே. மெட்ரோல தொங்கிட்டு 8 மணிக்கு வீடு வந்து சேர்ற எனக்கு குக்கர்ல வெண்பொங்கல்தான் கதி, 1 டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, 5 டம்ளர் தண்ணி, 5 விசில், நெய்ல மிளகு சீரகம் இஞ்சி தாளிச்சு கொட்டினா முடிஞ்சுது, சட்னி கூட அரைக்கிறதில்ல, அம்மா குடுத்து விட்ட நாரத்தங்காய் இருக்கு. என் பையன் இத கிச்சடின்னுதான் சொல்றான், சொல்லிட்டு போகட்டும், தட்டு காலியாகுதுல்ல.