பாரிஸ் என்றால் காதல் மட்டும்தானா?

பாரிஸை அறியப் படிக்க வேண்டிய நாவல்கள் என்று ஒரு பட்டியல் பார்த்தேன்; அதில் உள்ளவை எல்லாம் காதல் கதைகள். பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவின் நாவல் ஒன்றுகூட இல்லையே! பாரிஸைத் தெருத்தெருவாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 1873-ல் வந்த அவருடைய ‘தி பெல்லி ஆஃப் பாரிஸ்’ நாவலில் தொடங்கலாம். விடியுமுன் காய்கறி வண்டிகள் பாரிஸின் மையச் சந்தையான லே ஆலை நோக்கி வரிசையாகப் போவதுதான் முதல் காட்சி. பாலாடைக்கட்டிக் கடையில் மூன்று பெண்கள் புறணி பேசும் இடத்தைத் தவறவிடாதீர்கள்: பேச்சு நாறநாறக் கட்டிகளின் வீச்சமும் ஏறிக்கொண்டே போகும். (சந்தை 1969-ல் பாரிஸின் புறநகரான ருன்ஜிஸுக்குப் போய்விட்டது. பக்கத்திலிருந்த செயின்ட் யூஸ்டாஷ் தேவாலயம் இன்றும் நிற்கிறது.)

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘தி ஃபேட் அண்ட் தி தின்’ என்று இலவசமாகக் கிடைப்பதும் இதே நாவல்தான், ஆனால் விக்டோரியா காலத்து மொழிபெயர்ப்பு, காரம் குறைத்தது. பிரையன் நெல்சன் மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.

விக்டர் ஹியூகோவின் ‘நோத்ருதாம்’ நாவலைப் பாதியில் மூடியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் பாகத்தில்தான் மாட்டியிருப்பார்கள். கதை நின்று, தேவாலயமும் நகரமும் மட்டுமே வரும். அந்த இரண்டு அத்தியாயங்களைத் தாண்டிவிட்டுப் பிறகு திரும்பலாம், கதை அறுபடாது. ஹியூகோவின் ‘லே மிஸராப்’ படிக்கத் தமிழிலேயே சுத்தானந்த பாரதியின் மொழிபெயர்ப்பு ‘ஏழை படும் பாடு’ இருக்கிறது.