ஜூம் இன்டர்வியூவை நிறுத்திவிடாதீர்கள், ஆனால் ரொம்பவும் கொண்டாடாதீர்கள்

அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவப் படிப்பு முடித்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபடி பெறும் பயிற்சி) இன்டர்வியூ சீசன் வந்தாலே டாக்டர்கள் மத்தியில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "பழையபடி நேரிலேயே கூப்பிடலாம், ஜூமில் ஆளை எடைபோட முடியவில்லை" என்பார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்.

2020க்கு முன்னால் நடந்தது அதற்குள் மறந்துவிட்டதா? கடைசி வருட மாணவர் ஒருவர், ஏற்கெனவே இரண்டு லட்சம் டாலர் கல்விக்கடன் கழுத்தை நெரிக்க, கோட்டு சூட்டை மடித்து வைத்துக்கொண்டு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊர் ஊராகப் பறப்பார். விமானம், ஓட்டல், டாக்ஸி எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. வசதி இருந்தால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகலாம், இல்லாவிட்டால் பக்கத்து மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இதோடு விசா தலைவலி வேறு. கொரோனா வந்து, ஆன்லைனிலேயே நடத்துங்கள் என்று அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி பரிந்துரைத்த பிறகுதான் இந்தக் கூத்து நின்றது. அதனால் ஜூம் போகக்கூடாது என்பதில் எனக்கு சந்தேகமே இல்லை.

ஆனால் ஜூம் வந்ததால் எல்லாத் தரப்பினரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று சிலர் பேசுகிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. யாரைக் கூப்பிடுவது என்பது இன்டர்வியூவுக்கு முன்பே, விண்ணப்பங்களை வடிகட்டும்போதே முடிவாகிவிடுகிறது. 2022 ஜனவரியிலிருந்து டாக்டர் லைசென்ஸ் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1க்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். நல்ல மாற்றம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். என்ன ஆயிற்று? பல இடங்களில் பார்வை அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும் காலேஜ் பெயருக்கும் நகர்ந்தது. போகிற செலவு இல்லை என்பதால் மார்க்கில் முன்னணியில் இருக்கும் விண்ணப்பதாரர்கள் வந்த அழைப்பையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்கள், மற்றவர்களுக்கு இடம் குறைகிறது. இதற்கு மருந்தாக வந்த சிக்னல் முறை, அதாவது தனக்கு மிகவும் பிடித்த சில இடங்களை விண்ணப்பிக்கும்போதே குறித்துக்காட்டும் வழி, எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் "நம்ம பையன், பார்த்துக்கோங்க" என்று பெரிய பேராசிரியர் போன் போடுவார். போன் போட ஆளில்லாதவருக்கும் இப்போது விருப்பத்தைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது.

சரி, கூப்பிட்டாகிவிட்டது. அப்புறம்? நான் பார்த்த மதிப்பெண் தாள் ஒன்றில் 'நம் டீமுக்குப் பொருந்துவாரா' என்று ஒரு கட்டம், 1 முதல் 5 வரை. எதை வைத்துப் போடுவது என்று ஒரு வரி கிடையாது. பனிச்சறுக்கு பற்றிப் பேசினால் 5. பின்னால் புத்தக அலமாரி தெரிகிறவருக்குத் தன்னம்பிக்கை அதிகமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெட் திணறிப் பாதி வாக்கியத்தில் உறைந்து நிற்பவருக்குப் பேச்சுத்திறன் குறைவாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி, கலந்து பேசுவதற்கு முன்பே மதிப்பெண், பரீட்சை மார்க்கை இன்டர்வியூ எடுப்பவர் கண்ணில் காட்டாமல் இருப்பது, இதற்கெல்லாம் பைசா செலவில்லை. செய்யத்தான் மனம் வருவதில்லை.

கறுப்பின மக்கள் அந்நாட்டில் சுமார் 13 சதவீதம், டாக்டர்களில் ஏறக்குறைய 5தான். மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே தப்பின. நூறு வருடத்துப் பள்ளத்தை ஒரு வீடியோ லிங்க் அடைத்துவிடுமா? ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏசிஜிஎம்இ 2019இல் கொண்டுவந்த பன்முகத்தன்மை விதியின் அமலையும் 2025இல் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஆன்லைனில் ஒரு குறை நிஜம், அது விண்ணப்பதாரர் பக்கத்துக் குறை. மூன்று முதல் ஏழு வருடம் இருக்கப்போகும் இடத்தை நேரில் பார்க்காமலே, எந்த இடம் முதலில் வேண்டும் என்ற ரேங்க் லிஸ்ட் போட வேண்டியிருக்கிறது. திரையில் சிரித்த முகமாக இரண்டு பேரை உட்காரவைத்துவிட்டால், தன்னைப் போன்றவர்கள் அங்கே உண்மையில் எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? வேண்டுமென்றால் பார்க்க வரட்டும், ஆனால் ரெசிடென்சி புரோகிராம் யார் யார் வேண்டும் என்ற தன் லிஸ்ட்டைப் பூட்டிய பிறகு. வசதி இல்லாதவர்களின் பயணச்செலவை ஆஸ்பத்திரி ஏற்கட்டும். வராதவருக்கு அதனால் ஒரு மார்க்கும் குறையாது என்று எழுத்தில் கொடுக்கட்டும்.