வங்கதேசத்தில் சாவு குறைந்தது புயல் பலவீனமானதால் அல்ல

ஒருவர், "இப்போதெல்லாம் புயல்களுக்கு வலு இல்லை, அதனால்தான் வங்கதேசத்தில் சாவு குறைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர், 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 2007இல் வந்த சிட்ர் ஒன்றும் சாதுவான புயல் இல்லை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்று, ஆனாலும் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர்தான் (அதுவே அதிகம், அது வேறு விஷயம்).

இடையில் மாறியது எச்சரிக்கை ஊருக்குள் போய்ச் சேரும் விதம். போலாவுக்குப் பிறகு அரசும் செம்பிறைச் சங்கமும் (அங்கே செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அதுதான் பெயர்) சேர்ந்து தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், கையில் மெகாபோன், கம்பத்தில் சிக்னல் கொடி, பக்கத்திலேயே தூண்கள் மேல் நிற்கும் புயல் காப்பகம். மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்பவர்களுக்காகக் கால்நடை நிற்க மண்மேடுகூடக் கட்டினார்கள். 2020 அம்பான் புயலுக்கு முன்பு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள்.

அப்புறம், சாவு குறைந்ததை வைத்துப் பிரச்சினையே தீர்ந்தது என்றும் சொல்லாதீர்கள். 2009 அய்லா புயலில் கரைகள் உடைந்து, வயலில் உப்புத்தண்ணீர் நின்று, பல ஊர்களில் நெல் விளையாமல் போனது. அதைக் காப்பகம் கட்டித் தடுக்க முடியாது.