ஓடுற கேமை ஓடவிடாம பண்றது யாரு?

"லினக்ஸ்ல கேமா? விளையாடறியா?"ன்னு கேட்டுச் சிரிச்ச காலம் எப்பவோ மலையேறிப் போச்சு. காசு கொடுத்து ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வாங்கி வெச்சிருக்கிற விண்டோஸ் கேம்கள்ல முக்காவாசி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்ட என் மெஷின்ல இன்னிக்கு சத்தம் போடாம ஓடுது. ஓடாத மிச்சத்தை எடுத்துப் பாருங்க. அதுல 'முடியலை'ங்கிறது கம்மி. 'விடமாட்டேன்'னு ஒருத்தன் உக்காந்து முடிவு பண்ணதுதான் ஜாஸ்தி. முடியலைன்னா விட்டுத் தொலைக்கலாம். மாட்டேன்னு சொல்றவனைத்தான் என்னால தாங்க முடியலை.

அந்த 'மாட்டேன்' எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சனிக்கிழமை ராத்திரி. காலேஜ் பசங்க எல்லாரும் டிஸ்கார்ட்ல வந்தாச்சு. பேர் சொல்ல விரும்பாத ஒரு ஷூட்டர் கேம், போன வாரம் வரைக்கும் இதே மெஷின்ல ஜம்முன்னு ஆடினது. ஸ்டீம்ல பச்சையா இருக்கிற 'பிளே' பட்டனை அழுத்தறேன். நீலமா மாறி 'ஸ்டாப்'னு காட்டுது. ஒரு கறுப்பு விண்டோ எட்டிப் பாத்துட்டு ஓடிப் போகுது. பட்டன் மறுபடி பச்சை. அவ்வளவுதான். எர்ரர் மெசேஜ் கிடையாது, எந்தச் சுவத்துல போய் முட்டிக்கணும்னு ஒரு குறிப்புகூடக் கிடையாது. லாக் எழுதச் சொல்லி மறுபடி ஓட்டினா, ஹோம் ஃபோல்டர்ல தடியா ஒரு ஃபைல் வந்து விழுது. திறந்தா 'ஃபிக்ஸ்மீ', 'ஃபிக்ஸ்மீ'ன்னு வரி வரியா ஒப்பாரி. அதுல பெரும்பாலானதுக்கும் நம்ம பிரச்சினைக்கும் சம்பந்தமே இருக்காது. நல்லா ஓடற கேமுக்கும் அதே ஒப்பாரிதான் வரும்.

"டேய், வரியா இல்லையா?"

"இருடா, ஓப்பன் ஆக மாட்டேங்குது."

"விண்டோஸைப் போட்டுத் தொலையேன்டா."

ஒரு மணி நேரம் தேடினதுக்கப்புறம் காரணம் கிடைச்சுது. அந்த வாரத்து அப்டேட்ல ஆன்டி-சீட்டை, அதாவது ஏமாத்தி ஆடறவனைப் பிடிக்கிற புரோகிராமை, மாத்தியிருக்காங்க. லினக்ஸ்ல இருந்து வந்தா உள்ள விடறதில்லை. அப்டேட் குறிப்புல புதுத் துப்பாக்கிக்கு ரெண்டு பத்தி, புது உடுப்புக்கு மூணு பத்தி. இதைப் பத்தி ஒரு வரி இல்லை.

விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட வைக்கிற சாஃப்ட்வேர் வைன். இதுல அதைக் குத்தம் சொல்ல எனக்கு மனசே வராது. 1993ல ஆரம்பிச்ச வேலை அது. 1994ல இருந்து அலெக்ஸாந்த்ர் ஜூலியார்ங்கிற மனுஷன் தலைமை தாங்கி இழுத்துட்டு வர்றார். 1.0ன்னு ஒரு நம்பர் போடவே 2008 ஆச்சு. விண்டோஸோட சோர்ஸ் கோடைப் பாக்காம, வெளியில இருந்து தட்டித் தட்டி, இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டா அது என்ன பதில் சொல்லும்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. மைக்ரோசாஃப்ட் விட்ட பிழையை நம்பியே எழுதின கேம்கள் இருக்கிறதால, சில இடத்துல அந்தப் பிழையையும் அச்சு அசலா திரும்பப் பண்ணியாகணும். இப்படி ஒரு தலையெழுத்து வேற எந்த சாஃப்ட்வேருக்கும் இருக்கான்னு தெரியலை.

படம் காட்டற பக்கம் பிலிப் ரெபோலே. நியர்: ஆட்டோமாட்டாவை லினக்ஸ்ல ஆடணும்ங்கிற ஆசையில அவர் தொடங்கினதுதான் டிஎக்ஸ்விகே. விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ்ங்கிற பாஷையில கேட்கிற படத்தை, லினக்ஸுக்குப் புரியற வல்கன் பாஷைக்கு மாத்திக் கொடுக்கும். இதையெல்லாம் சேர்த்துக் கட்டி, வைனை வளர்க்கிற கோட்வீவர்ஸ் கம்பெனி ஆட்களோட கைகோத்து, 2018 ஆகஸ்ட்ல ஸ்டீமை நடத்தற வால்வ் கம்பெனி புரோட்டான்னு ஸ்டீமுக்குள்ளயே கொண்டுவந்துது. 2022 பிப்ரவரில எல்டன் ரிங் வந்தப்ப விண்டோஸ்லயே திக்கித் திணறிச்சு. வால்வ் ஆட்கள் புரோட்டான் பக்கம் ஒரு திருத்தம் போட்டு, லினக்ஸ்ல ஓடற தங்களோட கையடக்கக் கேம் மெஷினான ஸ்டீம் டெக்ல அந்தத் திக்கலைக் குறைச்சாங்க. கேம் எழுதினவன் பண்ண வேண்டிய வேலையை மொழிபெயர்க்கிறவன் பண்ணான். அந்தப் பக்கம் இவ்வளவு நடக்குது.

இந்தப் பக்கம் பாருங்க. ஆன்லைன் கேம்கள்ல அதிகமா புழங்கற ஆன்டி-சீட்ல ரெண்டு, ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ. 2021 செப்டம்பர்லயே ரெண்டும் புரோட்டானை ஏத்துக்கிட்டாச்சு. ஆனா கேம் கம்பெனி 'சரி'ன்னு சொல்லணும். பேட்டில்ஐ விஷயத்துல அந்த 'சரி' எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? பேட்டில்ஐக்காரங்களுக்கு ஒரு தகவல் சொன்னா போதும், கேம் பக்கம் வேற எதையும் மாத்த வேணாம்னு வால்வே அந்த வருஷ டிசம்பர்ல எழுதிச்சு. ஒரு மெயில்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க.

பூசாரிகள்லயே பெரிய பூசாரி எபிக். ஈஸி ஆன்டி-சீட் யாரோடது? எபிக்கோடது. புரோட்டானுக்கு வழி திறந்து விட்டது யாரு? அதே எபிக். அவங்களோட சொந்தக் கேம் ஃபோர்ட்நைட் லினக்ஸ்ல வருமா? வராது! தன் கடைச் சாப்பாட்டைத் தான் தொடாத ஓட்டல்காரனை நம்பி மத்தவன் எப்படிச் சாப்பிடுவான்? டெஸ்டினி 2 அதைவிட ஒரு படி மேல. ஸ்டீம் டெக்ல ஆதரவு இல்லைங்கிறது ஒரு பக்கம், தடையைத் தாண்டி ஆடப் பாத்தா அக்கவுண்ட்டையே முடக்குவோம்னு எச்சரிக்கை வேற. காசு கொடுத்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை இது.

ஆரம்பத்துல இருந்தே 'இல்லை'ன்னு சொன்னவனையாவது மன்னிக்கலாம். கொடுத்துட்டுப் பிடுங்கினவனை என்ன பண்றது? ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரல்ல. அதோட ஆன்லைன் பகுதியை ஜனங்க புரோட்டான்ல நிம்மதியா ஆடிட்டிருந்தாங்க. 2024 செப்டம்பர்ல பேட்டில்ஐயைக் கொண்டுவந்து மாட்டினாங்க, லினக்ஸ்காரன் வெளியே. ஸ்டீம் டெக்ல பேட்டில்ஐ ஆகாதுன்னு ஒரு விளக்கம் வேற கொடுத்தாங்க. பேட்டில்ஐ புரோட்டானை ஏத்துக்கிட்டு அப்ப மூணு வருஷம் ஆயிருந்துது! அடுத்த மாசமே, அக்டோபர் 31, ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் கதவைச் சாத்திடுச்சு. 2022ல ஸ்டீம் டெக்குக்காக அவங்களே திறந்துவிட்ட கதவு.

அவங்க பக்க நியாயத்தையும் கேட்டுடுவோம். லினக்ஸ் திறந்த சிஸ்டம், ஏமாத்தறவன் மறைஞ்சுக்க வசதி, கண்டுபிடிக்கறது கஷ்டம், ஸ்டீம் டெக் எது கள்ள மெஷின் எதுன்னு பிரிக்க முடியலைன்னு ஏபெக்ஸ் டீம் சொன்னாங்க. முழுப் பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். விண்டோஸ்ல இந்த ஆன்டி-சீட்டுகள் சிஸ்டத்தோட மையமான கெர்னலுக்குள்ளயே போய்ச் சம்மணம் போட்டு உக்காரும். வைன்ங்கிறது ஒரு சாதாரண புரோகிராம். அதுக்குள்ள கெர்னலே கிடையாது, உக்கார இடமும் கிடையாது. அதனாலதான் வாலரன்ட் கேமோட ஆன்டி-சீட்டான வான்கார்ட் லினக்ஸ்ல ஓடவே வாய்ப்பில்லை. வருஷக்கணக்கா வைன்ல லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆடிட்டிருந்தவங்க 2024ல வான்கார்ட் அங்கேயும் வந்ததும் ஒரே நாள்ல தெருவுக்கு வந்தாங்க.

ஆனா கெர்னல்ல உக்காந்தா ஏமாத்து நின்னுடுச்சா? விண்டோஸ்ல ஏமாத்தற புரோகிராம் வித்துப் பிழைக்கிறவன் எல்லாம் கடையைக் கட்டிட்டானா? இப்ப தனியா ஒரு கார்டை மதர்போர்டுல சொருகி, பக்கத்துல இன்னொரு கம்ப்யூட்டரை வெச்சு, மெமரியை வெளியில இருந்தே படிக்கிறான். அவனைப் பிடிக்க வேற வித்தை தேடிட்டிருக்காங்க. அவன் ஆடறது எதுல? விண்டோஸ்ல. அதை மட்டும் யாரும் நிறுத்தமாட்டாங்க, ஏன்னா கல்லா அங்கதான் இருக்கு. லினக்ஸ்காரன் நூத்துக்கு ஏதோ சில பேர், வெளியே தள்ளினா கேட்க நாதியில்லை. இதுதான் கணக்குன்னு நேராச் சொல்லிட்டா எனக்கு இவ்வளவு கோபமே வராது. பாதுகாப்புன்னு சாமியார் வேஷம் போடறதுதான் பத்திக்கிட்டு வருது.

அந்தப் பாதுகாப்போட லட்சணம் 2022லயே சந்தி சிரிச்சுது. ஜென்ஷின் இம்பாக்ட்டோட ஆன்டி-சீட் டிரைவரை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கிற ரேன்சம்வேர் கும்பல் எடுத்து, ஆன்டிவைரஸை நிறுத்தறதுக்கு ஆயுதமாப் பயன்படுத்திச்சு. கேமே இல்லாத மெஷின்லயும் அந்த டிரைவரை மட்டும் கொண்டுவந்து வெச்சா போதும், முறையான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதால விண்டோஸ் கதவைத் திறந்து விட்டுடும். கெர்னல்ல உக்கார்றவன் தப்புப் பண்ணா என்ன ஆகும்னு 2024 ஜூலை 19 அன்னிக்கு உலகமே பாத்துது. கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனியோட ஒரு அப்டேட்ல 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோட படுத்துது. அது கேம் சமாச்சாரம் இல்லைதான். ஆனா அதே இடத்துலதான் இவங்களும் நாற்காலி கேட்கறாங்க, பொழுதுபோக்குக்கு.

மனசு இருந்தா மார்க்கம் உண்டுன்னு காட்டறவங்களும் இருக்காங்களே. எல்டன் ரிங்ல இருக்கிறதும் ஈஸி ஆன்டி-சீட்தான், புரோட்டான்ல ஓடுது. ஹெல்டைவர்ஸ் 2ல இருக்கிற கேம்கார்டுங்கிற ஆன்டி-சீட் விண்டோஸ்ல கெர்னல் வரைக்கும் போற ஆள். லினக்ஸ்ல வாலைச் சுருட்டிக்கிட்டு அடக்கமா வேலை பாக்கலையா?

ஆன்டி-சீட் இல்லாத கேமா வாங்கித் தொலைக்கலாம்னு பாத்தா, நடுவுல லாஞ்சர்னு ஒரு நந்தி, கேமுக்கு முன்னாடி திறக்கிற கம்பெனியோட தனிப் புரோகிராம். ஒத்தை ஆளா ஆடற கேமுக்கு எதுக்கய்யா லாஞ்சர்? ஸ்டீம்ல லாகின் பண்ணி, ஸ்டீம்ல காசு கட்டி, ஸ்டீம்ல டவுன்லோடு பண்ணி, பட்டனை அழுத்தினா, 'வணக்கம், எங்க அக்கவுண்ட்டும் வேணும்'னு இன்னொரு விண்டோ. புரோட்டான்ல அது வர்ற அழகே தனி. சில நாள் வெறும் வெள்ளை. சில நாள் பாஸ்வேர்டு கட்டம் தெரியும், கர்சர் துடிக்கும், எழுத்து மட்டும் விழாது. லாஞ்சர் தன்னைத்தானே அப்டேட் பண்ணிக்கிட்டா நேத்து வரைக்கும் ஓடினது இன்னிக்கு ஓடாது. கேம்ல ஒரு பைட்டுகூட மாறியிருக்காது. இதுல கொடுமை என்னன்னா, அந்த வெள்ளை விண்டோ திறந்திருக்கிற நேரத்தையும் ஸ்டீம் விளையாடின நேரமாத்தான் எண்ணும். பணம் திரும்ப வேணும்னா வாங்கின பதினாலு நாளைக்குள்ள கேட்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடியிருக்கவும் கூடாது. கேமோட முதல் திரையைப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டு மணி நேரத்தை லாஞ்சர் தின்னுடும்.

திருட்டுக் காப்பியைத் தடுக்க கேம்ல போடற பூட்டான டெனுவோவைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஓடலையேன்னு புரோட்டான் வெர்ஷனை மாத்தி மாத்திப் பாத்தீங்கன்னா, ஒவ்வொரு மாத்தத்தையும் புதுக் கம்ப்யூட்டர்னு அது நினைச்சுக்கும். கொஞ்சம் மாத்தினதுமே 'இன்னிக்கு ஏகப்பட்ட மெஷின்ல திறந்துட்டே, நாளைக்கு வா'ன்னு பூட்டிடும். இருக்கிறது மேசை மேல ஒரே ஒரு பெட்டி!

உதவி தேடிப் போனா நம்ம ஆட்களும் சளைச்சவங்க இல்லை. எந்தக் கேம் எப்படி ஓடுதுன்னு ஆடறவங்களே எழுதற புரோட்டான்டிபி தளத்துல பிளாட்டினம்னு போட்டிருக்கும். ஆஹான்னு உள்ள போனா, 'எனக்கு அப்படியே ஓடிச்சு'ன்னு ஒருத்தன். கீழயே அவன் போட்ட லாஞ்ச் ஆப்ஷன் அரைப் பக்கத்துக்கு நீளும். அப்புறம் எதுக்குடா 'அப்படியே'? இன்னொருத்தன், 'மல்டிபிளேயர் பாக்கலை, மத்தபடி அருமை'ன்னு எழுதியிருப்பான். அது மல்டிபிளேயர் மட்டுமே இருக்கிற கேம். மூணாவது ஆள் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையையே, மாத்தச் சொல்லுவான். எந்தப் பிரச்சினைக்கும் அவன்கிட்ட அந்த ஒரே மருந்துதான்.

சரி, 'விண்டோஸைப் போட்டுக்கோ' கட்சிக்கு வருவோம். அண்ணே, போடறேன். எதுல போடறது? விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட ஆயுசு முடிஞ்சாச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கின என் ஏழாம் தலைமுறை இன்டெலை விண்டோஸ் 11 ஏறெடுத்தும் பாக்காது. பேட்டில்ஃபீல்டு 6 மாதிரி கேமுக்கு, மெஷின் ஆன் ஆகும்போதே சோதனை போடற செக்யூர் பூட்டும் ஆன்ல இருக்கணும். ஒரே மெஷின்ல ரெண்டு சிஸ்டத்தையும் போட்டு (டூயல் பூட்), ரெண்டுக்கும் பொதுவா விண்டோஸ் பாணி என்டிஎஃப்எஸ் டிரைவ் ஒண்ணுல கேம் எல்லாம் வைக்கலாமேன்னு ஒரு யோசனை சொல்லுவாங்க. புரோட்டான் தன் ஃபோல்டர்ல 'சி' போட்டு முக்காற்புள்ளி வெச்சு ஒரு பேரை உருவாக்கும். விண்டோஸுக்கு ஃபைல் பேர்ல முக்காற்புள்ளியே ஆகாது. அப்புறம் ரெண்டு பக்கமும் மாறி மாறி டிஸ்க்கைச் சரிபார்த்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

கெர்னல் ஆன்டி-சீட் இருந்தா கடைப் பக்கத்துலயே சொல்லியாகணும்னு 2024 அக்டோபர்ல வால்வ் ஒரு விதி கொண்டுவந்துது. நல்ல விஷயம். வாங்கப் போறவனுக்கு அது உதவும். ஏற்கெனவே வாங்கி வருஷக்கணக்கா ஆடிட்டிருக்கிறவனுக்கு? விக்கும்போது இல்லாத பூட்டை அப்புறமா வந்து மாட்டறீங்கன்னா, மாட்டற அன்னிக்கே பணத்தை எண்ணி வைங்க. ரெண்டு மணி நேரம், பதினாலு நாள் கதையெல்லாம் வேணாம். ஆடினது இருநூறு மணி நேரமா இருந்தாலும் பணம் முழுசா வரணும். அதைப் பண்றவரைக்கும் உங்க சீசன் பாஸ், தங்கத் துப்பாக்கி, தள்ளுபடி மெயில் எல்லாத்தையும் உங்ககிட்டயே வெச்சுக்கங்க.