காசு கொடுத்தோம், இனிப் பெட்டிகளையும் கொடுப்போம்

கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென்று ஒரு பேராசிரியர் பதவி, அமைக்கத் தேவைப்பட்ட 30 லட்சம் டொலர் 2021இல் சேர்ந்து முடிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த காசு அது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த இருக்கையைச் சுற்றிப் படிக்கப்போகிற பிள்ளைகள் எங்களைப் பற்றி எதை வைத்து எழுதப்போகிறார்கள் என்று ஒருவரும் பெரிதாகப் பேசுவதாகத் தெரியவில்லை. எங்கள் வீடுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற பழைய காகிதங்களையும் நாடாக்களையும் அந்த வளாகத்து நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்கிறேன்.

அதே வளாகத்து நூலகத்தின் ஆவணத் தொகுப்புகளை ஒருமுறை பாருங்கள். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அவர்களின் குடும்பத்தார் காத்துவைத்திருந்த காகிதங்கள் அங்கே இருக்கின்றன; மின்வடிவிலும் பார்க்கலாம். 1949இல் இலங்கையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர், 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடும் 1965இல் டட்லி சேனநாயக்காவோடும் ஒப்பந்தம் செய்தவர். அவருடைய காகிதங்களை எந்தப் பல்கலைக்கழகமும் விரும்பி ஏற்கும். அதில் வியப்பில்லை.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதே நூலகத்தில் இருக்கிற இன்னொரு தொகுப்பு. ஹார்லி ஸ்பில்லர் என்ற அமெரிக்கர் சேர்த்த சீன உணவகங்களின் மெனு அட்டைகள், சுமார் 10,000. பத்தொன்பதாம் நூற்றாண்டு அட்டைகூட இருக்கிறது. கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற, நாங்கள் பார்க்காமலே மீள்சுழற்சிக் குப்பைக்கான புளூ பின்னுக்குள் போடுகிற அதே தாள்கள். இன்றைக்கு உணவு வரலாறு ஆராய்கிறவர்களுக்கு அவை முதன்மை ஆவணம். எந்தத் தெருவில் எப்போது கடை திறந்தார்கள், என்ன விலைக்கு விற்றார்கள், வெள்ளைக்கார வாடிக்கையாளருக்காகச் சமையலை எப்படி மாற்றினார்கள், பிறகு எப்போது மாற்றாமலே விற்கத் துணிந்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. வேறு எங்கே இருக்கப்போகிறது?

எங்கள் கொத்து ரொட்டிக் கடைகளின் முதல் விலைப்பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா? மார்க்கம் வீதியிலும் எக்ளின்டனிலும் எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் கடை போட்ட காலத்துத் துண்டுப் பிரசுரம் ஒன்று? பலசரக்குக் கடை வாசலில் இலவசமாக அடுக்கிக் கிடந்த தமிழ் வாரப் பத்திரிகைகளின் முழு அடுக்கு? அவற்றின் வீட்டு வாடகை விளம்பரங்களையும் மரண அறிவித்தல்களையும் மட்டும் வரிசையாக வாசித்தாலே ஒரு சமூகம் எந்தக் கட்டடத்திலிருந்து எந்தப் பேட்டைக்கு நகர்ந்தது என்று வரைபடம் போட்டுவிடலாம்.

கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் வெட்டியதை அல்ல, ஒருவர் இறந்த 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலரைச் சொல்கிறேன். தேவாரம் திருவாசகத்துக்குப் பிறகு இறந்தவரின் பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை, வம்சாவளி என்று எல்லாம் அச்சில் வரும். எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லாத அளவுக்கு ஒரு குடும்பத்தின் கதை அதில் இருக்கும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கிற ‘நூலகம்’ என்ற நிறுவனம் 2005இலிருந்து இத்தகைய மலர்களையும் ஊர்ச்சங்க வெளியீடுகளையும் ஸ்கான் செய்து இணையத்தில் போட்டுவருகிறது. தன்னார்வலர்களின் உழைப்பில் எழுந்த அந்த வேலையை எத்தனை பாராட்டினாலும் போதாது. ஆனால் மூலப் பிரதியை ஈரமும் பூச்சியும் அணுகாத அறையில் வைத்திருக்கவும், விவரப்பட்டியல் எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கவும், மென்பொருள் பழசானால் கோப்புகளைப் புதியதற்கு மாற்றவும் ஒரு நிறுவனம் வேண்டும். அந்த வசதி பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடவேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எங்கள் ஆட்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. இங்கே நெருப்பே வேண்டாம். வீடு விற்கும்போது பேஸ்மென்டைத் துப்பரவாக்கினால் போதும். அதைவிட வேகமாகப் போவது ஒலி, ஒளி நாடாக்கள். தொண்ணூறுகளின் கலியாண வீடியோக்கள், கலைவிழாக்கள், தமிழ் வானொலி நிகழ்ச்சிகளின் கசெட்டுகள் எல்லாம் காந்த நாடாவில் இருக்கின்றன. வைத்திருக்க வைத்திருக்க அது கெடும். விஎச்எஸ் நாடாவைப் போட்டுப் பார்க்கிற கருவியைக் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

பயம் ஒன்று இருக்கிறது, அது நியாயமான பயம். அகதிக் கோரிக்கைக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம், ஊரிலிருந்து போர்க்காலத்தில் வந்த கடிதம் ஆகியவற்றில் இன்னமும் அங்கே வாழ்கிறவர்களின் பெயர் இருக்கும். அதை இணையத்தில் போட்டுவிடுவார்களோ என்று ஒரு பெரியவர் என்னிடம் நேரே கேட்டார். கொடுக்கும்போதே எழுத்தில் நிபந்தனை போடலாம். எது எத்தனை வருடம் மூடியிருக்க வேண்டும், எதை நூலகத்துக்கு நேரில் வந்து மட்டும் பார்க்கலாம், எதை ஸ்கான் செய்யவே கூடாது என்று ஒப்பந்தத்தில் குறிக்கலாம். ஆவணக் காப்பாளர்களுக்கு இது வழமையான வேலை. அந்த உறுதியைப் பெற்ற பிறகுதான் பெட்டியைக் கொடுக்கவேண்டும்; பெறாமல் கொடுக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கமாட்டேன்.

பல்கலைக்கழகத்தாரிடமும் ஒன்று கேட்கவேண்டும். விவரப்பட்டியல் தமிழிலும் வேண்டும். சண்முகநாதன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எங்கள் ஆட்கள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். ஆங்கில எழுத்தில் மட்டும் பதிந்தால் பேரப்பிள்ளை தேடும்போது அப்பப்பா கிடைக்கமாட்டார். புகைப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்ல எண்பது வயதுக்காரர் ஒருவரால்தான் முடியும். ஸ்காபரோவாசிகளைப் பேட்டி கண்டு பதிகிற வாய்மொழி வரலாற்றுத் திட்டம் அந்த வளாகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த அனுபவத்தோடு, தமிழ் தெரிந்த மாணவர்களைச் சம்பளம் கொடுத்து முதியோர் சங்கங்களுக்கு அனுப்பட்டும். இலவச உழைப்பாக அல்ல.

பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச்சங்கங்களும் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். ஆண்டு மலர்கள், கூட்டக் குறிப்பேடுகள், கணக்குப் புத்தகங்கள், கலைவிழா நோட்டீசுகள் இப்போது எந்தச் செயலாளர் வீட்டில் இருக்கின்றன என்று முதலில் பட்டியல் போடவேண்டும். கணக்குப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் எந்த வருடம் எவ்வளவு காசு போனது என்பது அதில்தான் இருக்கிறது.