மண்ணோட வயசு மாளிகையோட வயசு ஆயிடுமா?

"இந்தோனேசியாவில் 25,000 வருஷத்துப் பிரமிடு! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!" இந்த ஃபார்வர்டு இன்னும் ஓயல. அதுக்கு ஆதாரமாக் காட்டுற ஆய்வுக் கட்டுரை வந்தது 2023 அக்டோபரில். 2024 மார்ச்சில் அதை வெளியிட்டவங்களே திரும்பப் பெற்றுட்டாங்க. முதல் செய்தியை ஊருக்கெல்லாம் அனுப்பினவங்கள்ல ஒருத்தராவது இரண்டாவது செய்தியை அனுப்பினாங்களா?

ஏன் திரும்பப் பெற்றாங்கன்னு பார்த்தா வயிறு எரியுது. பிரமிடுன்னு அவங்க சொல்ற, மேற்கு ஜாவாவில் இருக்கிற குனுங் பாடாங் ஒரு எரிமலைக் குன்று. உச்சியில் இருக்கிற கல் மேடைகள் மனுஷன் கட்டினது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்ல. அந்தத் தூண் மாதிரிக் கற்கள் எரிமலைக் குழம்பு ஆறும்போது தானா பிளந்து உருவானவை. மக்கள் எடுத்து அடுக்கியிருக்காங்க. தகராறு எல்லாம் கீழே இருக்கிறதைப் பத்தித்தான். குன்றுக்குள்ள துளை போட்டு மண்ணை எடுத்தாங்க, அந்த மண்ணில் இருந்த கரிமத்துக்கு (கார்பனுக்கு) வயசு பார்த்தாங்க, கி.மு. 25,000-லிருந்து 14,000 வரைன்னு வந்தது. வரத்தானே செய்யும்! ஆழத்து மண் பழசாத்தான் இருக்கும். அங்க மனுஷன் புழங்கினான்னு நம்பிச் சொல்ற தடயம் எதுவும் அந்த மண்ணோட சேர்ந்து கிடைக்கல. திரும்பப் பெற்றதுக்கு அதுதான் காரணம். பத்தாயிரம் வருஷத்து மண்ணைத் தோண்டி இன்னைக்கு வீடு கட்டினா, வீட்டுக்குப் பத்தாயிரம் வயசா?

"கார்பன் டேட்டிங்கே சொல்லிருச்சு"ன்னு வாயை அடைக்கிறாங்க பாருங்க, அங்கதான் கோபம் தலைக்கு ஏறுது. கார்பன் கல்லுக்கு வயசு சொல்லாது. செடியோ விலங்கோ உயிரை விட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு மட்டும்தான் சொல்லும். உயிரோட இருக்கும்போது உடம்பில் சேர்ற கதிரியக்கக் கார்பன்தான் கார்பன்-14. உயிர் போனதும் அது 5,730 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 50,000 வருஷத்தில் மிஞ்சுறது கால் சதவீதம்கூட இல்ல. அந்த அளவில் ஒரு பொடி வேர் கலந்தாலே கணக்கு கவிழ்ந்துடும். கார்பன்-14 துளியும் மிஞ்சாத நிலக்கரியில் 1 சதவீதம் புதுக் கார்பன் கலந்தாப் போதும், அது வெறும் 37,000 வருஷம்னு காட்டும். அதனாலதான் மாதிரியை வெறுங்கையால் தொடாம அலுமினியத் தாளில் மடிக்கணும், எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர்னு அங்கேயே எழுதணும், ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம்னு கழுவணும். இத்தனையும் ஒழுங்கா நடந்தாலும், பெரிய மரத்தோட வைரப் பகுதிக் கரி கிடைச்சா வயசு நூறு, இருநூறு வருஷம் கூடித்தான் வரும். உள்வளையம் எப்பவோ வளர்ச்சியை நிறுத்திடும், மரத்தை வெட்டினது பிந்தி.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. 2002-ல் குஜராத்தில் இருக்கிற காம்பே வளைகுடாவுக்கு அடியில் 9,500 வருஷத்து நகரம்னு மத்திய அமைச்சரே அறிவிச்சார். ஆய்வு நடத்தினது சென்னையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஒலியலையால் கடலடியைப் பார்க்கிற சோனார் படத்தில் கட்டம் கட்டமாத் தெரிஞ்சது, கடல் தரையை வாரி எடுத்ததில் ஒரு மரத்துண்டு வந்தது, அந்தத் துண்டுக்கு வயசு பார்த்தாங்க. இந்தியாவிலேயே ஓதம் (கடல் ஏற்றவற்றம்) மிக மூர்க்கமா அடிக்கிற கடல்களில் அது ஒண்ணு. எங்கிருந்தோ அடிச்சுட்டு வந்த மரம், எந்த அடுக்கிலும் உட்காராத மரம், ஒரு நகரத்துக்கு எப்படிச் சாட்சி சொல்லும்?

நம்ம ஊரில் முறையாத் தோண்டினதோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள்ள இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 வந்தது. நெல் ஒரே பருவத்தில் விளையுறது, மரக்கரியில் இருக்கிற சிக்கல் அதில் இல்ல. தாழிக்குள்ள இருந்ததால் யார் வெச்சதுன்ற கேள்வியும் இல்ல. கீழடியில் கி.மு. 580 வந்த மாதிரி 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது, ஆழம் உட்பட அறிக்கையில் அச்சாகியிருக்கு. ஆனா இதுக்கும் நம்மாளுங்க செய்யுற அநியாயம் கொஞ்சமில்ல. கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் கார்பன் அளவீட்டை வருஷமா மாத்துற வளைவு தட்டையாக் கிடக்கு. அந்தக் காலத்து அளவீடு ஒண்ணு நூறு வருஷம் முன்னேயோ பின்னேயோ எங்க வேணா விழலாம். அதனாலதான் பல அடுக்கிலிருந்து பல மாதிரி எடுத்து வரிசையாப் பார்க்கணும்னு துறைக்காரங்க தொண்டை கிழியக் கத்துறாங்க. செய்தி போடுறவங்களோ ஒற்றை எண்ணை மட்டும் உருவி எடுத்து, பிழை வரம்பை வெட்டிப் போட்டு, கூடவே ஒரு குமரிக்கண்டப் படத்தையும் ஒட்டி அனுப்புறாங்க. குமரிக்கண்டத்தோட சேர்த்துச் சொல்ற லெமூரியாங்கிற பேரே 1864-ல் ஸ்கிளேட்டர்னு ஒரு விலங்கியலாளர், லெமூர் விலங்குகளோட பரவலை விளக்க வெச்சது. கடல் தரை பிளந்து விரியுறதால கண்டங்கள் நகருதுன்னு தெரிஞ்சதும் நிலவியலில் அது செத்துப்போன கருத்து.

மெய்யான நெல்லும் அந்தப் படமும் ஒரே ஃபார்வர்டில் போகுது. நாளைக்கு ஒருத்தன் அந்தப் படத்தைப் பொய்னு காட்டும்போது, தாழிக்குள்ள இருந்த நெல்லையும் சேர்த்துத்தான் குப்பையில் போடுவான்.